கண்மூடிக் காவலன்

அடுப்பில் பால் பொங்க இருந்த நேரத்தில்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று மருமகளுக்குப் பிடிபட்டது. சமையல் மேடைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு, விடிந்ததிலிருந்து விளையாட்டு நிரலின் அதே பத்தியைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிகள் முன்பின்னாக இருந்தன. கண் விழித்தால் சேர்த்த புள்ளிகளை அழித்துவிடு என்பது மேலே. கண் விழித்தால் சேர்த்த புள்ளிகளைப் பகடையோடு கூட்டு என்பது கீழே. முதலிலேயே அழித்துவிட்டால் கூட்டுவதற்கு என்ன மிஞ்சும்? மேல் வரியை வெட்டி அடியில் ஒட்டினாள். ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. நிமிர்ந்தபோது பால் வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது.

உள்ளறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். மூச்சுக்கு ஒரு சொல்லாக உடைந்து உடைந்து வந்தது அது.

"பால் வாசம்... வருதே."

"வழிஞ்சிடுச்சு மாமா. ஆனா உங்க ஆளு தயார்."

"அப்ப... பால் போனா போகுது."

மாமனார் ஒரு தொழிற்சாலையில் இராக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்கும் கூத்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மகன், வளர்ந்த ஆம்பிளை, கோட்டை என்றும் பூதம் என்றும் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ மாறி, 'நான் மதில் ஏறுறேன்', 'நான் பூட்டை உடைக்கிறேன்' என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர், மாமனாரின் பழைய சினேகிதர், மகன் 'சித்தப்பா' என்று கூப்பிடுகிறவர், வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக உட்கார்ந்து கைதேர்ந்த திருடனாக ஆடுவார். பார்க்க வந்த மாமனார் மெதுவாக நாற்காலியை நகர்த்தி மேசைக்கருகே போட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கையில் வாளோடு காட்டுக்குள் இருந்தார்.

எந்த ஆளுக்கு எவ்வளவு வலிமை, என்ன வித்தை என்கிற கணக்கையெல்லாம் ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டது. அதில் உள்ள ஆட்கள் போதாவிட்டால் புதிய வகை ஆளை நாமே எழுதிச் சேர்க்கலாம். அது மருமகளின் பொறுப்பு. வாரம் முழுக்கப் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் குனிந்த தலை நிமிராமல் உழைப்பவள் அவள். இதுவும் அவளுக்கு அதே வேலைதான். இன்னொருத்தர் வாயில் இடிக்காமல் உட்காருகிறவரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மாமனாரின் பல் செட்டும் அவள் கையால் செய்ததே. "என் சிரிப்பு என் மருமக செஞ்சது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

பிறகுதான் அவருக்கு இதயம் களைக்கத் தொடங்கியது. மாத்திரைகள் கூடின. உட்கார்ந்த இடத்திலேயே தலை சாயும். ஆட்டத்தின் நடுவே அவர் முறை வரும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். "அப்பா தூங்கிட்டாரு, அடுத்தது யாரு" என்று மகன் மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்வான். ஒருநாள் அந்தச் சொல் காதில் விழுந்து விழித்துக்கொண்டார். "யார் தூங்குனது? நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார். சொல்லும்போது அவர் முகம் சட்டென்று வெளுத்ததை மருமகள் பார்த்தாள். காவல்காரன் தூங்கிவிட்டான் என்ற ஒரே சொல்லில் வேலை போய்விடும் இடத்தில் ஆயுசைக் கழித்தவர் அவர். அன்றிலிருந்து, சாய்ந்து விடக் கூடாதென்று, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரமே அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். தூங்கத் தூங்கப் பலம் சேருகிற ஓர் ஆள். ஒவ்வொரு சுற்றிலும் அவர் தூங்கிக்கொண்டிருந்தால் திரையிலுள்ள ஒரு கட்டத்துக்குள் குறி போட்டால் போதும், புள்ளி ஏறும். விழித்ததும் சேர்ந்ததையெல்லாம் ஒரே வீச்சில் செலவழிக்கலாம். எழுதுவது சுலபம், நடப்பதுதான் பாடு. அந்த மென்பொருளின் அடிப்படை விதியில் 'உறக்கம்' என்பது ஒரு கோளாறு. உறங்குகிற ஆளின் வித்தைகள் எல்லாம் முடங்கிவிடும். அவள் எழுதிய வித்தையை உறக்கம் தொடங்கி வைக்கும், அடுத்த நொடி அதே உறக்கம் அதை அமுக்கியும் விடும். நாலைந்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் உறக்கத்தை விட்டுவிட்டு, 'கண்மூடல்' என்று புதிதாக ஒரு நிலையை அவளே படைத்தாள். அது கோளாறு இல்லை, தூக்கமும் இல்லை. கண்ணை மூடியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதைக் கேட்டுத்தான் மாமனார் பெயர் வைத்தார். கண்மூடிக் காவலன்.

"ஆயுசு பூரா தூங்காம இருந்ததுக்குச் சம்பளம் வாங்கினேன். இப்ப தூங்கறதுக்குப் புள்ளி வாங்கறேன். முன்னேற்றம்தான்" என்றார்.

கதையை நடத்துகிற மகன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். "மேல்வரம்பு வேணும். அப்பா தூங்கற தூக்கத்துக்கு வரம்பு இல்லேன்னா மலையையே தூக்கித் தோள்ல போட்டுக்குவாரு. அப்புறம் கதை எங்க போறது?" அதுவும் நியாயமாகப் பட்டதால் அவள் வரம்பு வைத்தாள்.

இன்று காலை, பால் வழிந்த பிறகு, அவன் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, ஈரத் துண்டோடு சமையலறைக்கு வந்தான். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நின்றான்.

"கால் ரெண்டும் முட்டிக்கு மேல வீங்கியிருக்கு" என்றான்.

அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். வீட்டுக்கே போய்விடலாம் என்று சொன்னது மாமனார்தான்.

அவன் துண்டைப் பிழிந்து கம்பியில் போட்டான். "அந்த மேல்வரம்பு இருக்குல்ல. அதை எடுத்துடு."

"மலையைத் தூக்கிடுவாருன்னு சொன்னீங்க."

"தூக்கட்டும்."

அவள் அந்த வரியைத் தேடி அழித்தாள். ஒரு வரிதான்.

நாத்தனார் வந்து இறங்கியபோது மேசையை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் மும்முரத்தில் இருந்தார்கள். வேறு ஊரில் கோர்ட்டில் தட்டச்சராக இருக்கிறவள். சாட்சி சொல்வதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்வதே அவள் பிழைப்பு. பேச்சிலும் அப்படித்தான், வளைவு நெளிவு கிடையாது. பையை வைக்காமலே வாசலில் நின்று பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் பகடைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?" என்றாள் தம்பியிடம். "அப்பா சாகக் கிடக்கறாரு. நீங்க எல்லாரும் உட்கார்ந்து பகடை உருட்டறீங்களா?"

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது.

"காது இன்னும்... கேக்குதும்மா."

நாத்தனாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பையை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "இல்லப்பா. ரெஸ்ட் எடுக்க வேண்டாமான்னுதான்."

"அதைத்தான்... எடுக்கறேன். அதுக்குத்தான் எனக்குப் புள்ளி." மருமகளைக் கையால் காட்டினார். "அவளைக் கேளு."

மருமகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து நாத்தனாரின் மடியில் வைத்து விளக்கினாள். நாத்தனார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். முழுதும் கேட்ட பிறகு ஒரே ஒரு கேள்விதான்.

"தூங்கறாரா, சும்மா கண்ணை மூடியிருக்காரான்னு யார் சொல்றது?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி இதுல. பக்கத்துல இருக்கறவங்க பாத்துக் குறி போட்டா போதும்."

"அப்ப நான் போடறேன்" என்றாள் நாத்தனார். "இவன் போட்டா அப்பாவுக்குச் சாதகமா போடுவான்."

"அப்பாவுக்குச் சாதகமா போட்டா என்னக்கா தப்பு?" என்றான் தம்பி.

"தப்புதான்" என்றார் மாமனார். அந்த ஒரு சொல் மட்டும் உடையாமல் முழுசாக வந்தது.

ஆட்டம் தொடங்கியது. பல வாரமாக அவர்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு பூதம். கல்லால் ஆன பூதம். கண்ணிமைக்காது. வாளுக்கு அசையாது. மருந்துக்கடைக்காரரின் திருடன் அதன் இடுப்பிலிருந்த சாவியை எடுக்கப் போய் இரண்டு முறை உதை வாங்கித் திரும்பியிருந்தான். மருமகளின் வைத்தியச்சி அவனுக்குக் கட்டுப்போட்டே ஓய்ந்துபோயிருந்தாள்.

"இன்னிக்கு மேல்பக்கமா வர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பாறை மேல ஏறி, கயிறு கட்டி, தலைகீழா இறங்கி."

"போன மாசம் ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தத் தெரியல உங்களுக்கு" என்றாள் மருமகள்.

"அது நான்மா. இவன் வேற ஆளு."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. நாத்தனார் முதுகைத் தாங்கிப் பிடித்து, பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். கண்கள் மெல்ல மூடின. அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் குறி போட்டாள்.

"தூங்கறாரு" என்றாள், யாரோ ஒரு நீதிபதிக்குச் சொல்வதுபோல.

அடுத்த சுற்று. "தூங்கறாரு." அடுத்தது. "தூங்கறாரு." திருடன் கயிற்றில் இறங்கி, பாதி வழியில் வழுக்கி, பூதத்தின் தலைமேலேயே விழுந்தான். மகன் பூதத்தின் குரலில் உறுமினான், அப்பா எழுந்துவிடாதபடி மெதுவாக. சன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. நாத்தனார் ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டும் மறு கையால் குறி போட்டுக்கொண்டும் இருந்தாள். நடுநடுவே, "இப்ப அவன் கீழ விழுந்தா அடிபடுமா படாதா?" என்றோ, "சாவி எந்தப் பக்கம் தொங்குது?" என்றோ கேட்க ஆரம்பித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து மாமனார் கண் திறந்தார்.

"எங்க... இருக்கோம்?"

"அதே கதவுதாம்பா" என்றான் மகன். "பூதம் சித்தப்பாவைக் காலைப் பிடிச்சுத் தொங்க விட்டிருக்கு."

"எவ்வளவு சேர்ந்திருக்கு எனக்கு?"

நாத்தனார் எண்ணைப் படித்தாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். அவ்வளவு பெரிய எண்ணை அந்த ஆட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒரே போடா போட்டுடுங்க. தூள் தூளாப் போயிடும்" என்றார்.

மாமனார் தலையை அசைத்தார். கொஞ்ச நேரம் மூச்சைத் திரட்டிக்கொண்டார்.

"அடிக்கல. பக்கத்துல... போறேன்."

"போயி?"

"தம்பி, மாத்து ஆள் வந்துட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன். நீ... வீட்டுக்குப் போய்ப் படு. அப்படின்னு சொல்றேன்."

வெளியே யாரோ வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா... நிக்குதோ பாவம்" என்றார் மாமனார். "விடியற நேரம் அந்த வார்த்தை காதுல விழணும். அதுக்கு ஈடு... ஒண்ணும் கிடையாது."

மகன் பகடையை அப்பா பக்கம் நகர்த்தினான். "கல்லுப் பூதம்ப்பா. சொன்னா சட்டுனு கேக்காது. கஷ்டமான காரியம். பகடை போடணும்."

மாமனார் மகளைப் பார்த்தார். நாத்தனார் பகடையைக் கையில் எடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக எடுக்கிறவள், கண்ணாடிச் சாமான் மாதிரி உருட்டினாள். அது மேசை விளிம்புவரை ஓடி நின்றது. ஒன்று. அதற்குக் கீழே விழ எண் இல்லை.

"போச்சா?" என்றாள், நிஜமாகவே பதறி.

"கூட்டிப் பாருங்க அண்ணி" என்றாள் மருமகள்.

மென்பொருள் கூட்டியது. பகடையின் ஒன்றும், மத்தியானம் முழுக்கத் தூங்கிச் சேர்த்ததும். பழைய வரம்பு இருந்திருந்தால் எட்டியிருக்காது. இப்போது தேவைக்கு மேலேயே இருந்தது. மகன் திரையைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பூதம் உங்களைப் பாக்குதுப்பா" என்றான் மெதுவாக. "ரொம்ப நேரம் பாக்குது. அப்புறம் சித்தப்பாவைப் பத்திரமா கீழ இறக்கி விடுது. இடுப்புல இருந்த சாவியை அவுத்து உங்க கையில குடுக்குது. தோளை ஒரு தடவை சுத்தி விட்டுக்குது. கல்லுக் கல்லா மண் உதிருது. பேசாம மலைப் பாதையில இறங்கிப் போகுது. திரும்பிப் பாக்கல."

"திரும்பிப் பாக்காது" என்றார் மாமனார். பல் இல்லாத வாயில் சிரிப்பு அகலமாக இருந்தது. "தூக்கம்... அப்படி வரும்."

"கதவைத் திறக்கலாமா அண்ணே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க எல்லாம் உள்ள போங்க. நான்... வாசல்ல இருக்கேன். பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்ல."

கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் குறி போட்டாள்.

அவர்கள் உள்ளே போனார்கள். கதவுக்குப் பின்னால் மகன் ஒரு பெரிய கூடத்தை வைத்திருந்தான். நிலத்தடி ஆறு ஒன்று, ஆற்றில் ஒரு படகு, படகில் பாதி எரிந்த விளக்கு. திருடன் படகைச் சோதித்தான். வைத்தியச்சி தண்ணீரை முகர்ந்தாள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மகன் கட்டில் பக்கம் திரும்பினான், நாத்தனார் "தூங்கறாரு" என்றாள், அவன் கதையைத் தொடர்ந்தான். அந்தச் சொல் அந்த அறையில் இப்போது யாரையும் குத்தவில்லை.

படகு அக்கரையை நெருங்கும்போது அவன் மறுபடி திரும்பினான்.

"அக்கா, அப்பா?"

நாத்தனாரின் விரல் கட்டத்தின்மேல் நின்றிருந்தது. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா?"

"இதுல குறி போடலாமான்னு தெரியலடா" என்றாள்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். குனிந்து மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, மாமனாரின் நெஞ்சின்மேல் இருந்த போர்வையை ஒழுங்குபடுத்தினார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகன் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். நாத்தனார் மட்டும், "கையைப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன், எப்பன்னே தெரியல, கையைப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் அவள் மடியிலிருந்து மடிக்கணினியை எடுத்து மூடினாள்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கம்பக்கம் வருவதற்குள் முகத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வாய் உள்வாங்கி, வேறு யாரோ போல இருந்தார். நாத்தனார் கிண்ணத்திலிருந்து பல் செட்டை எடுத்து மாட்டிப் பார்த்தாள். உட்காரவில்லை.

"எனக்கு வரலம்மா."

மருமகள் வாங்கிக் கழுவினாள். கன்னத்தை ஒரு விரலால் ஒதுக்கி, மேல் வரிசையைச் சாய்வாக நுழைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள். எங்கே இடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு கீழ் வரிசை. உதடு தானாக வந்து பொருந்தியது. பழைய மாமனார் திரும்பி வந்தார். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நாத்தனார் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து காரில் திரும்பினார்கள். மகன் ஓட்டினான். வீடு நெருங்கும்போது நாத்தனார் முன்பக்கமாகச் சாய்ந்து கேட்டாள்.

"ஏண்டா, அந்தப் பூதம் கடைசியில எங்க போச்சு?"

மகன் சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான்.

"தெரியலக்கா. நான் அதுக்கு எதுவும் எழுதி வைக்கல. வீட்டுக்குத்தான் போயிருக்கும்."

"அதுக்கு வீடு இருக்கா?"

"இருக்கும்" என்றாள் மருமகள்.

நாத்தனார் சரி என்று சாய்ந்துகொண்டாள்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வந்தவர்களுக்காக விரித்துத் துவைத்துப் போட்ட விரிப்புகள் மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. மருமகள் ஓடிப் போனாள். பின்னாலேயே நாத்தனாரும் படியேறி வந்தாள். காற்றில் படபடத்த பெரிய விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். உதறினார்கள். இருவரும் நடந்து கிட்டே வந்தார்கள், முனையோடு முனை சேர்ந்தது, நாத்தனார் தன் பக்கத்தை மருமகளின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பின் அடியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி விலகி, மறுபடி நெருங்கி. முதல் தூறல் தரையில் புள்ளி வைக்கத் தொடங்கியது. அடுத்த விரிப்பு இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அதையும் எடுத்தார்கள்.